தண்ணீருக்குள் புரதம் நடப்பதைப் பார்ப்பது எப்படி? அதிவேக அணுவிசை நுண்ணோக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயோசின் என்ற புரதம் நடக்கும் வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "இது அனிமேஷன்தானே?" என்பதுதான். இல்லை. ஜப்பானில் கனசாவா பல்கலைக்கழகத்தின் தோஷியோ ஆண்டோவும் நொரியுகி கொதேராவும் அவர்கள் குழுவினரும் 2010-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட நிஜப் படம் அது. ஒரே ஒரு புரத மூலக்கூறு, தண்ணீருக்குள், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதைத் தொடர்ந்து மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். நான் வேலை செய்வது சாதாரண வேக அணுவிசை நுண்ணோக்கியில்தான். அதனாலேயே கனசாவாவில் செய்தது எவ்வளவு கடினமான காரியம் என்று கொஞ்சம் தெரியும்.

அந்த வீடியோவில் என்னதான் தெரிகிறது?

குறுக்கே கிடக்கும் கயிறு போன்ற ஒன்று ஆக்டின் இழை. அதன்மேல் இரண்டு கால்களோடு நிற்பது மயோசின்-5. செல்லுக்குள் சரக்கு சுமப்பதுதான் இந்த மயோசினின் வேலை. ஆக்டின் இழைதான் அதற்குத் தண்டவாளம்.

பின்கால் இழையை விட்டதும், முன்கால் முன்பக்கமாகச் சாய்கிறது. அந்தச் சாய்வோடு பின்கால் வீசப்பட்டு, முன்னங்காலைத் தாண்டிப் போய் இழையைப் பிடிக்கிறது. ஒரு அடி 36 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் இரண்டாயிரம் அடிக்கு மேல் வைக்கலாம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சில சமயம் முன்கால் இழையை விட்டு எழுந்து, அடி முன்னேறாமல், அதே இடத்தில் மறுபடி ஊன்றிக்கொள்கிறது. கால் மாற்றும் முன் தரையைத் தட்டிப் பார்ப்பது போல. இப்படி ஒரு அசைவு இருக்கிறது என்று வேறு எந்த முறையிலும் இவ்வளவு நேராகத் தெரிந்திருக்காது.

ஒரு விவரம் சொல்லிவிட வேண்டும். மயோசினுக்கு எரிபொருள் ஏ.டி.பி. அதன் அளவை மிகவும் குறைத்து, நடையை மெதுவாக்கித்தான் படம் பிடித்தார்கள். ஒரு படத்துக்கு ஆன நேரம் சுமார் 150 மில்லிவினாடி.

நிறம் உண்மையா?

இல்லை. உயரத்துக்கு ஏற்பக் கணினி பூசும் நிறம். வெளிர்ந்தது மேடு, இருண்டது பள்ளம்.

தண்ணீருக்குள்ளேயே ஏன் பார்க்க வேண்டும்? காயவைத்துப் பார்த்தால் ஆகாதா?

கருவாட்டை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் மீன் எப்படி நீந்தும் என்று தெரியாது. புரதமும் அப்படித்தான். அதன் உருவமே தண்ணீரால் ஆனது என்று சொல்லலாம். தண்ணீரை விரும்பாத பகுதிகள் உள்ளே மடங்கிக்கொள்கின்றன, விரும்பும் பகுதிகள் வெளியே நிற்கின்றன. தண்ணீரை எடுத்துவிட்டால் அந்த மடிப்பு குலைந்துபோகும். உருவம் தப்பித்தாலும் அசைவு போய்விடும். மயோசினை நடக்கவைப்பதில் தண்ணீர் மூலக்கூறுகளின் இடைவிடாத மோதலுக்கும் பங்கு உண்டு. சரியான உப்பு, சரியான அமிலத்தன்மை, கொஞ்சம் ஏ.டி.பி., இவ்வளவும் கலந்த தண்ணீர் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

வேறு நுண்ணோக்கிகள் போதாதா?

ஒவ்வொன்றும் ஒரு பாதியைத் தருகிறது.

ஒளி நுண்ணோக்கி தண்ணீருக்குள் அருமையாக வேலை செய்யும். ஆனால் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு என்று எர்ன்ஸ்ட் அப்பே 1873-லேயே சொல்லிவிட்டார். சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கலந்து தெரியும். புரதங்களோ பெரும்பாலும் 5, 10 நானோமீட்டர் அளவுதான். 2014-ல் வேதியியல் நோபல் பெற்ற எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோரின் முறைகள் இந்த எல்லையைத் தாண்டின. அதற்கு மூலக்கூறில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்ட வேண்டும். இரவில் மலைக்கோயில் ஏறுகிறவர்களைக் கீழே நின்று பார்த்திருப்பீர்கள். டார்ச் வெளிச்சம் வரிசையாக மேலே போவது தெரியும். ஆள் எந்தக் காலை எங்கே வைக்கிறார் என்று தெரியாது. சாயம் ஒட்டிப் பார்ப்பதும் அதுதான். மயோசின்-5 காலை மாற்றி மாற்றி வைத்துத்தான் நடக்கிறது என்று 2003-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு புள்ளி வெளிச்சத்தைப் பின்தொடர்ந்தே கண்டுபிடித்தார்கள். காலில் ஒட்டிய சாயம் ஒவ்வொரு முறையும் சுமார் 74 நானோமீட்டர் தாண்டியது. கிட்டத்தட்ட 36-ன் இரு மடங்கு. அற்புதமான ஊகம் அது, சரியாகவும் இருந்தது. ஆனாலும் காலைக் கண்ணால் பார்க்கவில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வெற்றிடம் தேவை. தண்ணீர் அங்கே நொடியில் ஆவியாகிவிடும். தண்ணீரைப் படிகமாக விடாமல் சட்டென்று உறையவைத்துப் பார்க்கும் கிரையோ முறைக்கு 2017-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஜாக் துபோஷே, ஜோகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். உருவம் தெள்ளத் தெளிவாகக் கிடைக்கும், ஆனால் உறைந்த உருவம். மெல்லிய இரண்டு தகடுகளுக்கு நடுவில் திரவத்தை அடைத்துவைத்தும் எலக்ட்ரானால் பார்க்கிறார்கள். 2012-ல் கிராஃபீன் என்ற, ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள்களுக்குள் அடைத்துக்கூடப் பார்த்தார்கள். உலோகத் துகள்கள் வளர்வதைப் பார்க்க அது சிறந்த வழி. புரதம் என்றால், எலக்ட்ரான் கற்றையே அதைச் சிதைத்துவிடுகிறது.

அணுவிசை நுண்ணோக்கி எப்படிப் பார்க்கிறது?

அது பார்ப்பதில்லை, தடவிப் பார்க்கிறது. லென்ஸ் வழியாகப் படம் பிடிக்கும் வேலையே அதில் இல்லை. பிரெய்ல் எழுத்தை விரலால் படிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கான்டிலீவர் என்ற ஒரு சின்னத் தகட்டின் நுனியில் கூர்மையான ஊசி. அந்த ஊசி பரப்பின் மேல் வரிவரியாக நகர்கிறது. மேடு வந்தால் தகடு வளையும். தகட்டின் முதுகில் விழும் லேசர் கற்றை எதிரொளித்து ஓர் உணரியில் படுகிறது. தகடு துளி வளைந்தாலும் அந்த வெளிச்சப் புள்ளி நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். உடனே பின்னூட்டச் சுற்று பரப்பைக் கீழே இறக்கி, ஊசியின் அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எவ்வளவு இறக்கியது என்பதைக் குறித்துக்கொண்டே போனால் அதுதான் படம்.

இதை 1986-ல் கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் உருவாக்கினார்கள். வெற்றிடம் தேவையில்லை, சாயம் தேவையில்லை. தண்ணீருக்குள் மூழ்கவைத்தாலும் வேலை செய்யும். 1989-லேயே கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் பால் ஹான்ஸ்மா குழு, ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் இழை தண்ணீருக்குள் சேர்வதைப் படம் பிடித்தது. பிறகு 1990-களில் தட்டும் முறை வந்தது. ஊசியை இழுத்துக்கொண்டே போகாமல், மேலும் கீழும் அதிரவைத்து லேசாகத் தட்டித் தட்டிப் போவது. மென்மையான உயிர் மூலக்கூறுகளுக்கு இந்த முறை பெரிய விடுதலை.

குறை ஒன்றே ஒன்றுதான். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஆகும். அதற்குள் மயோசின் இழையின் மறுமுனைக்கே போய்விட்டிருக்கும்.

வேகப்படுத்துவது அவ்வளவு கடினமா? மோட்டாரை வேகமாக ஓட்டினால் போதாதா?

எல்லோரும் கேட்பது இது. காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டோவின் முதல் அதிவேகப் படம் 2001-ல் வந்தது. 100 வரி, வரிக்கு 100 புள்ளி, ஒரு படத்துக்கு 80 மில்லிவினாடி. அப்படியென்றால் ஒரு வரிக்கு 0.8 மில்லிவினாடி. ஊசி போய்த் திரும்ப வேண்டும், ஆகவே போவதற்குப் பாதி, 0.4 மில்லிவினாடி. அதை 100 புள்ளிக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு 4 மைக்ரோவினாடிதான். அந்த நேரத்துக்குள் ஊசி குறைந்தது ஒரு தட்டாவது தட்டியாக வேண்டும். அதாவது நொடிக்கு இரண்டரை லட்சம் தட்டு. சாதாரண மென்மையான கான்டிலீவர் தண்ணீருக்குள் நொடிக்குச் சுமார் 10,000 முறைதான் அதிரும்.

சரி, விறைப்பான தகடாகப் போட்டால் வேகமாக அதிருமே? அதிரும், ஆனால் புரதத்தை நசுக்கிவிடும். மென்மையும் வேண்டும், வேகமும் வேண்டும். பள்ளியில் ஸ்கேலைப் பெஞ்சு விளிம்பில் வைத்து அடித்து விளையாடியிருப்பீர்கள். வெளியே நீட்டிய பகுதி குறையக் குறைய அதிர்வு கூடும். ஆனால் விறைப்பும் கூடும். அதைச் சரிக்கட்ட, தகட்டை மெலிதாக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லா அளவையும் சேர்த்துச் சுருக்கினால்தான் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். கனசாவாவில் பயன்படுத்தும் கான்டிலீவர் சுமார் 7 மைக்ரோமீட்டர் நீளம், 2 மைக்ரோமீட்டர் அகலம், 90 நானோமீட்டர் தடிமன். ஒரு ரத்தச் சிவப்பணுவின் அகலம்தான் அதன் மொத்த நீளமே. தண்ணீருக்குள் நொடிக்கு 6 லட்சம் முதல் 12 லட்சம் முறை அதிரும். இவ்வளவு சின்னத் தகட்டின் முதுகில் லேசரைக் குறிவைக்க, ஒளியமைப்பையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் பரப்பை நகர்த்தும் மேடை. மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் பீசோ படிகங்கள்தான் அதை நகர்த்துகின்றன. வேகமாக நகர்த்தினால் கருவி முழுதும் அதிர ஆரம்பித்துவிடும். பரிசலில் ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்தால் எதிரே இருப்பவர் மறுபக்கம் சாய்ந்துகொள்வார் இல்லையா, அதே உத்திதான் இங்கேயும். ஒரு பீசோ மேலே தள்ளும்போது அதன் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பீசோ கீழே தள்ளும். இரண்டு உதைப்பும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சிக்கலும் அதற்கு அவர்கள் கண்ட தீர்வும். ஊசி மேட்டில் ஏறும்போது கவலையில்லை. மேட்டைத் தாண்டிச் சட்டென்று பள்ளம் வந்தால் ஊசி அந்தரத்தில் நின்றுவிடும். பாராசூட்டில் இறங்குவது போல மெதுவாக இறங்கும், அதற்குள் நாலைந்து புள்ளி கடந்து போய்விடும், படத்தில் மூலக்கூறுக்கு வால் முளைத்துவிடும். ஊசியை அழுத்திப் பிடித்தால் இந்த வால் வராது, ஆனால் மூலக்கூறு தாங்காது. ஆண்டோ குழு, ஊசி பரப்பைத் தொடாமல் தொங்குகிறது என்று தெரிந்த கணமே பின்னூட்டத்தின் வீரியம் தானாகக் கூடும்படி ஒரு சுற்றை வடிவமைத்தது. ஊசி உடனே தரையிறங்கும். மிக லேசான தட்டோடு வேகமாகப் போக முடிந்தது இதனால்தான்.

இந்த வேலையை ஆண்டோ தொடங்கியது 1993 வாக்கில். 2001-ல் முதல் படம், மயோசின் நடை 2010-ல். எந்த ஒரு பாகம் பின்தங்கினாலும் மற்ற பாகங்களின் வேகத்தால் பயனில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒருசேர உயர்த்த வேண்டியிருந்தது, அதற்குத்தான் இத்தனை வருடம்.

ஊசி தட்டிக்கொண்டே இருந்தால் மூலக்கூறு இயல்பாக நடக்குமா?

நியாயமான சந்தேகம். அவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். மயோசினின் வேகத்தை வெவ்வேறு ஏ.டி.பி. அளவுகளில் அளந்து, யாரும் தட்டாத ஒளிர்வு முறையில் கிடைத்த வேகத்தோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது. ஒவ்வொரு தட்டும் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால், அடுத்த தட்டு வரும் முன் மூலக்கூறு அந்த உதையை உதறிவிடுகிறது.

எல்லா மூலக்கூறுக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் புரதங்களை ஊசி பிரித்துவிடலாம், பரப்பில் சரியாக ஒட்டாதவற்றைத் தள்ளிவிடலாம். ஒவ்வொரு புதுப் புரதத்துக்கும் இந்தச் சோதனையைப் புதிதாகச் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் வீடியோவை மட்டும் காட்டும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

ஒரு படம் எடுக்க என்னவெல்லாம் செய்கிறார்கள்?

அடித்தளம் மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடுவோமே, அதுதான். அது ஏடு ஏடாகப் பிரியும். ஒட்டும் டேப்பை மேலே அழுத்தி, ஒரே இழுப்பில் உரித்தால் டேப்பில் முழு வட்டமாக ஓர் ஏடு வர வேண்டும். அரைகுறையாக வந்தால் மறுபடி உரிக்க வேண்டும். முழுதாக வந்துவிட்டால், கீழே இருப்பது அணு அளவில் சமதளமான, காற்றுகூட அதிகம் படாத புதுப் பரப்பு. அதிவேகக் கருவியில் இந்த மைக்கா வட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதன்மேல் 2 மைக்ரோலிட்டர் அளவில் ஒரு பொட்டுத் திரவம். சில நிமிடம் விட்டு, பஃபர் என்ற, அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசலில் அலசி, ஊசி இருக்கும் சின்னத் தொட்டிக்குள் இறக்குவார்கள்.

மூலக்கூறைப் பரப்பில் பிடித்துவைப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. இறுக்கமாக ஒட்டினால் நடக்காது, லேசாக ஒட்டினால் மிதந்து போய்விடும். மைக்காவுக்கு எதிர்மின் சுமை, டி.என்.ஏ.வுக்கும் எதிர்மின் சுமை, ஆகவே நேராக ஒட்டாது. இடையில் மெக்னீசியமோ நிக்கலோ வேண்டும். ஒருமுறை காலையிலிருந்து மாலைவரை வெறும் மைக்காவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பஃபரில் மெக்னீசியம் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்த பத்தாவது நிமிடத்தில் திரை முழுக்க டி.என்.ஏ. நூல்கள். மயோசின் சோதனைக்குக் கனசாவாவில் இதைவிட நுணுக்கமாகச் செய்தார்கள். மைக்காவின் மேல் கொழுப்புப் படலம் ஒன்றைப் பரப்பி, பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற ஜோடியைக் கொக்கியாக வைத்து, ஆக்டின் இழையை அதில் மாட்டினார்கள். மயோசின் எதிலும் ஒட்டாமல் இழையை மட்டும் பிடித்து நடக்க அப்படி ஒரு தரை தேவைப்பட்டது.

சத்தமும் அதிர்வும் தனிக் கதை. எங்கள் ஆய்வகத்தில் மே மாதத்திலும் ஏசியை நிறுத்திவிட்டுத்தான் நல்ல படம் எடுப்போம். காற்றோட்டம் நின்ற அடுத்த வரியிலேயே படம் தெளிவதைக் கண்முன் பார்க்கலாம்.

மயோசினைத் தவிர வேறு என்ன பார்த்தார்கள்?

நிறைய. அதில் எஃப்1 புரதத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் உடலில் ஏ.டி.பி. தயாரிக்கும் இயந்திரத்தின் ஒரு பகுதி அது. ஆல்ஃபா என்ற துண்டு மூன்று, பீட்டா என்ற துண்டு மூன்று, மாறி மாறி அமைந்த வளையம். நடுவில் காமா என்ற அச்சு. இந்த இயந்திரத்தின் இயக்கத்தை விளக்கியதற்காக பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997-ல் வேதியியல் நோபலில் பங்குபெற்றார்கள். அதே ஆண்டு ஜப்பானில் ஹிரோயுகி நோஜி உள்ளிட்டோர், அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுழல்வதை ஒளி நுண்ணோக்கியில் நேரில் காட்டினார்கள். அப்போது எழுந்த கேள்வி: மூன்று பீட்டாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாமல் வேலை செய்கின்றனவே, அந்த வரிசையைச் சொல்லிக்கொடுப்பது யார்? நடுவில் இருக்கும் அச்சுதான் என்று பலரும் நினைத்தார்கள்.

2011-ல் தகாயுகி உச்சிஹாஷி, ஆண்டோ, நோஜி உள்ளிட்டோர் அச்சையே உருவிவிட்டு, வெறும் வளையத்தை மைக்காவில் பதித்து, மேலிருந்து பார்த்தார்கள். பீட்டாக்கள் ஒன்று மாற்றி ஒன்றாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், வரிசை பிசகாமல் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. அச்சு இல்லாமலே! வரிசை வளையத்துக்குள்ளேயே இருந்தது. அதுவும் ஒளி நுண்ணோக்கியில் சிக்கியிருக்காது. அச்சு இல்லையென்றால் இழையை ஒட்ட இடமே இல்லையே.

அதே ஆண்டு வந்த செல்லுலேஸ் படமும் அழகு. மரநாரைச் சர்க்கரையாக வெட்டும் நொதி அது. தாவரக் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கிறவர்களுக்கு முக்கியமானது. செல்லுலோஸ் இழையின் மேல் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த நொதிகளில் முன்னால் போனது ஓரிடத்தில் நின்றுவிட, பின்னால் வந்தவையெல்லாம் குவிந்து நெரிசல் ஏற்பட்டது. கொஞ்ச நேரத்தில் தடை விலகி எல்லாம் சேர்ந்து நகர்ந்தன. அம்மோனியாவில் பதப்படுத்திய செல்லுலோஸில் ஓடும் பாதைகள் அதிகமானதால் வேலையும் கூடியது.

பாக்டீரியோரொடாப்சின் என்ற, ஒளியால் இயங்கும் புரதத்தின் மேல் பச்சை ஒளி பட்டதும் அது விரிவதை 2010-ல் பார்த்தார்கள். மரபணுவை வெட்டும் காஸ்9 புரதம் டி.என்.ஏ.வைப் பிடித்து வெட்டுவதை 2017-ல் மிகிஹிரோ ஷிபாதாவும் ஒசாமு நுரேகியும் குழுவினரும் காட்டினார்கள். ஒரு நூல் இரண்டாகப் பிரிந்து விலகுவதை அதில் நேராகவே பார்க்கலாம்.

படம் ஏன் இன்னும் கொஞ்சம் தெளிவாக இல்லை?

ஊசி முனையின் பருமன்தான் காரணம். தடித்த விரலால் பொடி எழுத்தைத் தடவினால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். உயரத்தை ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கலாம். பக்கவாட்டில் 2, 3 நானோமீட்டர்தான் கிடைக்கும். பல படங்களில் உச்சிகளின் இடத்தை மட்டும் துல்லியமாகக் குறித்துச் சேர்த்து, அந்தத் தெளிவைக் கூட்டும் முறை ஒன்றை சைமன் ஷாய்ரிங் குழு 2021-ல் வெளியிட்டது.

ஆல்ஃபாஃபோல்டு புரத உருவத்தைக் கணித்துவிடுகிறதே, இனி இது எதற்கு?

ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் பெரிய சாதனை, 2024 வேதியியல் நோபலில் அதற்கும் பங்கு கிடைத்தது. அது தருவது உருவம். எந்த உருவத்திலிருந்து எந்த உருவத்துக்கு, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிலையான உருவமே இல்லாத புரதங்களும் உண்டு. பாகற்கொடியின் நுனி போல ஆடிக்கொண்டே இருக்கும். கொதேரா குழு 2021-ல் அப்படிப்பட்ட புரதங்களின் ஆட்டத்தை அளந்து காட்டியது.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ், உயிர்வேதியியல், எதில் தொடங்கினாலும் இடமுண்டு. எதில் தொடங்கினாலும் மற்ற இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டிவரும். சாலிடரிங் செய்யவும் புரதம் சுத்திகரிக்கவும் தெரிந்த ஒருவர் இங்கே பொன்.

உயிருள்ள செல்லுக்குள்ளே பார்க்க முடியுமா?

ஊசி மேற்பரப்பைத்தான் தொடும், ஆகவே செல்லின் உட்புறம் எட்டாது என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தோம். 2021-ல் அதே கனசாவாவில் தகேஷி ஃபுகுமா குழு, நீண்டு மெலிந்த ஊசி ஒன்றைச் செய்து, செல்லின் சவ்வைத் துளைத்து உள்ளே இறக்கியது. உள்ளே ஒவ்வொரு இடத்திலும் ஊசியை இறக்கி ஏற்றி, எங்கே என்ன தட்டுப்படுகிறது என்று அளந்து, உட்புறத்தின் வரைபடத்தை எடுத்தார்கள். செல் சாகவில்லை. மயோசின் நடைபோல வீடியோவாக எடுக்கும் வேகம் அந்த முறைக்கு இன்னும் வரவில்லை. கொழுப்புப் படலத்தில் மாட்டிய ஆக்டின் இழைமேல் நடந்த மயோசினை, அது பிறந்த செல்லுக்குள்ளேயே, சரக்கோடு நடக்கும்போது பார்க்க வேண்டும் என்பதுதான் இப்போது எங்களில் பலருக்கும் இருக்கும் ஆசை.